மேலாளரின் உணர்ச்சிச் சோர்வுக்குக் காரணம் சாலையா, வேலையா?

ஓஎம்ஆர் மேலாளர்:
வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று மேலாளர்களுக்கு ஆணையிடும் நிறுவனங்கள், சாலையில் கழியும் நேரம் யார் கணக்கில் சேரும் என்று சொல்வதில்லை. கீழே பணிபுரிபவர்களின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டியவருடைய பொறுமை, மெட்ரோ பணிக்காக அடைத்துவைத்த ஓஎம்ஆரில் (சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை) ஊர்ந்து சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டுவதற்குள்ளாகவே தீர்ந்துவிட்டால், நிறுவனத்தின் மீது பற்று எங்கிருந்து வரும்? உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் வேலைக்குச் செல்லும் 909 பெண்களிடம் கேட்டறிந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், நாளின் பொழுதுகளை மகிழ்ச்சியின்படி வரிசைப்படுத்தியபோது கடைசியில் நின்றது வேலைக்குச் செல்லும் பயணம்தான்.

ஆலை நிர்வாகி:
பயணம் பிடிக்கவில்லை என்பதாலேயே வேலையில் பற்றுப் போய்விட்டதாக ஆகாது. உளவியலாளர்கள் மாஸ்லாக்கும் ஜாக்சனும் பணிச்சோர்வை அளக்க 1981இல் வகுத்த அளவுகோலில் உணர்ச்சிச் சோர்வு என்பது வேலையால் மனம் வற்றிப்போவதைத்தான் குறிக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஆலைக்கு அரக்கோணத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அதிகாரிகள், ஏறியதும் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு உறங்கிவிட்டு, கேட்டில் இறங்கும்போது தெளிவாக இருக்கிறார்கள். பூந்தமல்லியிலிருந்து தாமே கார் ஓட்டி வருபவர்தான் சிடுசிடுக்கிறார். தொலைவின் மீது பழியைப் போட்டால், ஆளைக் குறைத்துவிட்டு இலக்கை ஏற்றும் நிர்வாகம் எளிதாகத் தப்பித்துக்கொள்ளும்.

மனிதவளக்காரன்:
பற்று என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? உளவியல் ஆய்வாளர்கள் மேயரும் ஆலனும் 1991இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: நிறுவனத்தை விரும்பி இருப்பது, விலகினால் இழப்பு என்று இருப்பது, இருப்பதே கடமை என்று இருப்பது. வீட்டுக்கடனுக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் ஊரையும் மாற்றாமல் வேலையையும் விடாமல் தினமும் அலைபவர் இரண்டாம் வகை. அவரை எங்கள் துறை விசுவாசி என்று எழுதிவைக்கிறது என்பது வேறு கதை.

ஓஎம்ஆர் மேலாளர்:
அந்த இரண்டாம் வகையைத்தான் நீண்ட பயணம் பெருக்குகிறது என்கிறேன். ஆலை நிர்வாகி ஐயா, உங்கள் பஸ்ஸில் உறங்கும் அதிகாரிக்கு இரவு ஷிப்டில் மெஷின் நின்றுபோனதாக அழைப்பு வந்தால் உறக்கம் ஏது? பயண நேரமும் வேலை நேரமாகிவிடுகிறது. ஆனால் வருகைப் பதிவேட்டில் அது ஏறுவதில்லை.

ஆலை நிர்வாகி:
அப்படியானால் அழைப்பை நிறுத்தச் சொல்லுங்கள், வருகை நேரத்தைத் தளர்த்தச் சொல்லுங்கள். இரண்டும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. வீட்டிலிருந்தே வேலை செய்தாலும் அந்த அழைப்பு வரத்தான் செய்யும்.