டிக் அனிமேஷன் மறைஞ்ச பிறகும் கிளிக்கைப் பிடிச்சுக்குது, சித்தெ பாருங்க

கேட்டவர் (திருப்பூர்):
வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஒண்ணுக்கு டிசி (டெலிவரி சலான்) பதிவு பண்ற வெப் பேஜ் செய்யறேன். ஒவ்வொரு டெலிவரி சலானும் ஒரு கார்டு. கார்டைத் தொட்டா விவரம் திறக்கும்; உள்ளே 'அனுப்பியாச்சு', 'பிரின்ட்'னு ரெண்டு பட்டன். 'அனுப்பியாச்சு' அமுத்துனா கார்டு முழுக்கப் பச்சை டிக் விரிஞ்சு, மங்கி மறையுது. வினையே அதுலதானுங்க. அப்புறம் 'பிரின்ட்' அமுத்துனா பிரின்ட் வராம விவரம் திறக்குது. சாயப்பட்டறை வண்டி வாசல்ல நிக்குது, மேனேஜர் அண்ணன் சத்தம் போடறாரு. எது மேல, எது அடியிலன்னு சொல்ற இசட்-இண்டெக்ஸைக் குறைச்சா டிக்கே தெரிய மாட்டேங்குது.

பதில் (கோவை):
டிக் மேல கிளிக் லிஸனர் (கிளிக் ஆனா ஓடற கோடு) வெச்சு, கிளிக் கார்டுக்கு ஏறாம நிறுத்தற ஸ்டாப்-ப்ராபகேஷன் போட்டுருங்க.

கேட்டவர்:
போட்டேனுங்க. விவரம் திறக்கலை. பிரின்ட்டும் வரலை. இப்ப ஒண்ணுமே நடக்கறதில்லை.

பதில் (பெருந்துறை):
அப்படித்தான் ஆகும் தம்பி. ஒப்பாசிட்டி (தெரியற அளவு) 0 ஆனா கண்ணுக்குத்தான் தெரியாது. லேயர் கண்ணாடி மாதிரி அங்கேயே கெடக்கும். கிளிக் அது மேல விழுந்து, கார்டுக்கு ஏறுது. ஸ்டாப்-ப்ராபகேஷன் ஏறறதைத்தான் நிறுத்தும், அடியில இருக்கற பட்டனுக்கு இறக்கி விடாது. நம்பலைன்னா பிரவுசர் கன்சோல்ல, ஒரு புள்ளியில மேலாப்புல என்ன இருக்குன்னு சொல்ற எலிமென்ட்-ஃப்ரம்-பாயிண்ட்டுக்கு பட்டனோட எக்ஸ், ஒய் குடுத்துப் பாருங்க, டிக் லேயரைத்தான் காட்டும்.

அந்த லிஸனரை எடுத்துட்டு, லேயருக்கு சிஎஸ்எஸ்ல (பேஜோட தோற்றத்தை எழுதற இடம்) 'பாயிண்டர்-ஈவன்ட்ஸ்: நன்', அதாவது கிளிக்கை வாங்காதேன்னு, போடுங்க. உள்ளே இருக்கற எஸ்விஜி படத்துக்கும் அது தானா இறங்கும். ஆனா இனிமே கிளிக் ஊடால போயிரும். டிக் ஓடறப்ப கார்டோட வெத்து இடத்தைத் தொட்டா விவரம் திறக்கும். அது வேண்டாம்னா கார்டுக்கு 'ஓடுது'ன்னு ஒரு கிளாஸ் (அடையாளப் பேர்) போட்டு, கிளிக் ஃபங்ஷன்ல அது இருந்தா ரிட்டர்ன் பண்ணிருங்க.

கேட்டவர்:
பிரின்ட் வந்துருச்சுங்ணா! ஆனா ஆபீஸ்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும், 'அனுப்பியாச்சு' போட்ட கார்டு அப்புறம் திறக்கவே மாட்டேங்குது. கிளாஸை, அனிமேஷன் முடிஞ்சா வர்ற அனிமேஷன்-எண்டு ஈவன்ட் வந்ததும்தான் எடுக்கறேன்.

பதில் (பெருந்துறை):
அந்த மெஷின்ல விண்டோஸ் அனிமேஷன் எஃபெக்ட்ஸை அணைச்சு வெச்சிருப்பாங்க. உங்க சிஎஸ்எஸ்ல, அசைவைக் குறைச்சு வெச்ச மெஷினுக்கான ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷனுக்கு 'அனிமேஷன்: நன்' இருக்குதா பாருங்க. ஓடாத அனிமேஷனுக்கு முடிவு ஏதுங்க? அந்த ஈவன்ட் வரவே வராது. ஒரு டைமர் வெச்சும் கிளாஸை எடுத்துருங்க.

பதில் (ஈரோடு):
ஊடால ஒரு வார்த்தை. ரெண்டு தடவை பதிவாகக் கூடாதுன்னு 'அனுப்பியாச்சு' பட்டனுக்கே பாயிண்டர்-ஈவன்ட்ஸ் நன் போட்டுறாதீங்க. அது மவுசுக்கும் விரலுக்கும்தான் அணை. கீபோர்டுல என்டர் தட்டுனா பட்டன் ஓடும். எங்க மஞ்சள் மண்டிப் பேஜ்ல ஒரே லாட் ரெண்டு தடவை ஏறி, கணக்கு நேராக ஒரு சாயங்காலம் போச்சு. பட்டனையே முடக்கற டிஸேபிள்டு போடுங்க, சர்வர்லயும் டிசி நம்பரைச் சரிபாருங்க.

கேட்டவர்:
அந்த மோஷன் வரி இருந்துச்சுங்க, பழைய புராஜெக்ட்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டுனது. டைமர் போட்டதும் அந்த மெஷினும் சரியாயிருச்சு. வண்டி கெளம்பிருச்சு. மேனேஜர் அண்ணன் இப்ப டிக் விரியறதுக்குள்ளயே பிரின்ட்டை அமுத்தறாரு.