பீட்டில் 1500 எஞ்சின், முதல் தடவை பிரிக்கிறேன்: கேஸ் மூடுறதுக்கு முன்னாடி என்னென்ன அளக்கணும்?

சத்துவாச்சாரி67:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். வண்டி 1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1493 சிசி. எஞ்சினை இறக்கி கேஸை (கிராங்க் உட்காரும் எஞ்சின் வெளிக்கூடு) ரெண்டா பிரிச்சாச்சு. பிரிக்கும் முன்னாடி டயல் கேஜ் வச்சுப் பார்த்ததில் கிராங்க் எண்ட்பிளே (கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகர்ற ஆட்டம்) 0.20 மி.மீ. மூணாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கருகியிருக்கு, மத்த மூணும் பரவாயில்ல. கிராங்க் தடவிப் பார்த்தா வழவழன்னு இருக்கு. பேரிங், ரிங், கேஸ்கட் செட் மட்டும் மாத்தி மூடிடலாமா? கேஸுக்கு என்ன பேஸ்ட் தடவணும்?

வாலாஜாலேத்:
தம்பி, இப்போ மூடாதீங்க. எண்ட்பிளே 0.07-லிருந்து 0.13-க்குள்ள இருக்கணும், 0.15 தாண்டினாலே தேய்மானம். உங்களுக்கு 0.20. ஷிம் (அந்த ஆட்டத்தைச் சரிபண்ண ஃப்ளைவீல் பக்கம் போடுற மெல்லிய வளையம்) தேய்ஞ்சிருந்தா சின்ன வேலை. ஒண்ணாம் நம்பர் பேரிங்கே கேஸுக்குள்ள ஆடினா பெரிய வேலை.

கேஸ் மெக்னீசியம் கலவை. அடி வாங்கி வாங்கி பேரிங் உட்காரும் குழி ஓவல் ஆயிடும், அதிலும் நடு பேரிங் குழிதான் பெரும்பாலும் முதல்ல போகும். காலி கேஸை நட்டு போட்டு முறுக்கி, போர் கேஜ் (குழியோட உள்விட்டம் அளக்கிற கருவி) விட்டு அளங்க. ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து முதல் மூணு குழியும் 65.00-லிருந்து 65.02 மி.மீ. வரணும். மீறியிருந்தா லைன் போரிங் பண்ணி (குழி எல்லாத்தையும் ஒரே நேர்கோட்டுல கடைஞ்சு), வெளிவட்டம் பெருசான பேரிங் போடணும். அதை விட்டுட்டு புது பேரிங் போட்டா, காலைல ஸ்டார்ட் பண்றப்ப ஆயில் பிரஷர் நல்லாத்தான் காட்டும். எஞ்சின் சூடானதும் விழுந்துடும்.

கிராங்க் வழவழப்பை நம்பாதீங்க. ஜர்னல் (கிராங்க்ல பேரிங் உட்காரும் இடம்) 55 மி.மீ., ஓவல் அதிகபட்சம் 0.03 மி.மீ. அது விரலுக்குத் தெரியாது, மைக்ரோமீட்டர் வச்சு குறுக்கும் நெடுக்கும் பாருங்க. கிரைண்டிங் வேணும்னா ராணிப்பேட்டையில கொடுங்க, சென்னைக்கு அனுப்புங்க, எங்கேன்னாலும் சரி: பேரிங் செட் கைக்கு வந்த பிறகுதான் கிராங்க்கை கொடுக்கணும். 0.50-க்கு அரைச்சுட்டு அந்த சைஸ் பேரிங் தேடி அலையறதுதான் இந்த வண்டியில அதிகம் நடக்கிற தப்பு.

பேஸ்ட்: கேஸ் சந்துக்கு சிலிக்கான் வேண்டவே வேண்டாம். பிதுங்கின துணுக்கு உள்ளே உதிர்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னரிலும் (ஆயில் வடிகட்டுற வலை) ஆயில் வழியிலும் அடைக்கும். இதுல தனி ஆயில் ஃபில்டரே கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க. இறுகாத வகை கேஸ்கட் சீலன்ட்டை மெல்லிசா ஒரு பூச்சு, போதும்.

காட்பாடிவால்வு:
மூணாம் நம்பர் கருகினதுக்குக் காரணம் இருக்கு. உங்க மாடல்ல ஆயில் கூலர் ஃபேன் ஷ்ரவுடுக்குள்ளேயே (ஃபேன் காத்தை சிலிண்டருக்குத் திருப்புற தகரக்கூடு) நின்னு, மூணாம் சிலிண்டருக்குப் போற காத்தை மறிக்குது. வால்வை மட்டும் மாத்தினா திரும்பவும் கருகும். வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்குற குழாய்) ஆட்டத்தைப் பாருங்க, கூலரை உள்ளும் வெளியும் கழுவுங்க. சிலிண்டருக்கு அடியில் வர்ற தகரம் ரெண்டும் இருக்கான்னு பாருங்க. "காத்து நல்லா வரட்டும்"னு அதைக் கழட்டிப் போட்டிருப்பாங்க. அந்தத் தகரம் இருந்தாத்தான் காத்து துடுப்பு இடுக்கு வழியா சிலிண்டரைச் சுத்திப் போகும், இல்லன்னா நேரா கீழே இறங்கிடும். எஞ்சின் ரூம் ஓரத்து ரப்பரும் முழுசா இருக்கணும். அது கிழிஞ்சிருந்தா கீழிருந்து வர்ற சூட்டுக்காத்தையே ஃபேன் திரும்ப இழுக்கும். நம்ம வேலூர் மே மாசத்தைச் சொல்லவே வேண்டாம்.

வால்வு கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளுற ராக்கருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ. பழைய ஸ்டிக்கர்ல 0.10 போட்டிருந்தாலும் 0.15 வைங்க.

சத்துவாச்சாரி67:
ரொம்ப நன்றி அண்ணா. குழி மூணும் 65.02-க்குள்ள, கிராங்க் ஓவல் 0.01 தான். புது பேரிங் வச்சு மூடி முறுக்கினேன், கிராங்க் பாதி சுத்துல இறுகி நிக்குது.

வாலாஜாலேத்:
அளவு நல்லா வந்திருக்கு, சந்தோஷம். உடனே லூஸ் பண்ணுங்க. ஏதோ ஒரு பேரிங் டவல் பின் (பேரிங் சுத்தாம பிடிக்கிற சின்ன முளை) மேல ஏறி உட்கார்ந்திருக்கு. நடு பேரிங் ரெண்டு துண்டு, மத்ததெல்லாம் முழு வளையம். வளைய பேரிங்கை டவல் பின்ல சரியா உட்கார வச்சு, கேஸ் விளிம்பு படுற இடத்துல பென்சில் கோடு போடுங்க. கிராங்க்கை இறக்கினதும் அந்தக் கோடு விளிம்போட நேரா வரணும், விரலால் தள்ளினா பேரிங் சுத்தக் கூடாது. பின் ஏறி அமுங்கின தடம் பேரிங் முதுகுல இருந்தா அதை மாத்திடுங்க.

பெரிய 12 மி.மீ. நட்டு ஆறும் 34 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. நட்டெல்லாம் 20. ஒவ்வொரு சுத்து முறுக்கினதும் கிராங்க்கைக் கையால் சுத்திப் பாருங்க. இறுகின இடத்துல நிறுத்திடணும், பலம் காட்டக் கூடாது. கேம் (வால்வைத் திறக்க வைக்கிற தண்டு) பல்சக்கரத்துப் புள்ளி கிராங்க் சக்கரத்தோட ரெண்டு புள்ளிக்கு நடுவுல வரணும்.

எண்ட்பிளேக்கு: ஆயில் சீல் போடாம ரெண்டு ஷிம் மட்டும் வச்சு ஃப்ளைவீலை முறுக்கி அளங்க. 0.44 வந்தா அதுல 0.10 கழிச்சு 0.34 ஷிம், அதுதான் மூணாவது. மொத்தம் மூணு, கூடவோ குறையவோ கூடாது. கடைசியா ஃப்ளைவீல் நட்டு ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர். சாதா டார்க் ரெஞ்ச் தாங்காது.

காட்பாடிவால்வு:
ஹெட் நட்டு (10 மி.மீ. ஸ்டட்) முதல்ல எல்லாத்தையும் 10, அப்புறம் 31 நியூட்டன் மீட்டர். புஷ்ராடு டியூபை (வால்வைத் தள்ளுற கம்பி போற குழாய்) ஹெட் போடுறதுக்கு முன்னாடியே 190 மி.மீ.-க்கு மேல இழுத்து வைங்க, குழாயோட ஒட்டுத் தையல் மேல்பக்கம். இல்லன்னா ஆயில் ஒழுகும்.

ஆயில் 2.5 லிட்டர். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு, ஆயில் லைட் அணையற வரைக்கும் ஸ்டார்ட்டரில் சுத்துங்க, அப்புறம் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. கேமும் டேப்பெட்டும் (கேம் மேல உட்கார்ந்து புஷ்ராடைத் தள்ளுற துண்டு) புதுசுன்னா ஸ்டார்ட் ஆன நிமிஷத்திலிருந்து 20 நிமிஷம் 2000-லிருந்து 2500 ஆர்பிஎம், ஐடிலில் விடாதீங்க. 500 கி.மீ.-ல ஆயில் மாத்தி, ஸ்ட்ரெய்னரைக் கழட்டிப் பாருங்க. அதுவரைக்கும் ஏலகிரி மலை ஏத்தாதீங்க.

பெட்ரோல் ட்யூபையும் இப்பவே மாத்திடுங்க, எத்தனால் கலந்த பெட்ரோல் தாங்குற வகையா. பழைய ரப்பர் ஊறி வெடிச்சா, பெட்ரோல் கொட்டுறது நேரா சூடான எஞ்சின் மேலதான்.