பூட்டிக் கிடக்குற லைப்ரரி கட்டடத்துல சாயங்காலம் ஏதாவது நடத்தலாம்னு இருக்கோம், யோசனை சொல்லுங்க மக்களே

கன்னடியன்கால்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில உள்ள ஊரு. பேரு சொல்லல, சின்ன ஊரு, சொன்னா ஆளையே கண்டுபிடிச்சிருவீங்க. 2006ல ஆரம்பிச்ச அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல பஞ்சாயத்துக்கு ஒரு லைப்ரரின்னு கட்டுனாங்கல்லா, அது எங்க ஊர்லயும் இருக்கு. புக்கும் இருக்கு, கரையான் தின்னது போக. எப்ப பாத்தாலும் பூட்டுதான், சாவி பஞ்சாயத்து ஆபீஸ்ல.

நாங்க நாலஞ்சு பேரு, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வேலைக்குப் போயிட்டு ராத்திரி ஊருக்கு வந்துருதவங்க, சும்மா பாலத்துல உக்காந்து பேசுத நேரத்துக்கு இதத் தொறந்து ஏதாவது நடத்துவோமேன்னு தோணுச்சு. தலைவர்ட்ட கேட்டோம், "நடத்துங்கடே, நல்ல காரியந்தான"ன்னு சொல்லிட்டாவ. பிள்ளைகளுக்குன்னா கதை, செஸ், டிராயிங், சிலம்பம் இப்படி மனசுல இருக்கு. பெரியவங்களுக்கு என்ன நடத்துததுன்னுதான் பிடி கிடைக்கல. பக்கத்து ஊர்ல ஒரு டிரஸ்ட்டுக்காரங்க ஸ்போக்கன் இங்கிலீஷ், கம்ப்யூட்டர்னு பேனர் கட்டி ஆரம்பிச்சாங்க, முத நாளு கேசரி குடுத்தப்ப நல்ல கூட்டம், ரெண்டாவது மாசம் சொல்லிக்குடுக்க வந்த பிள்ளை மட்டும் வந்து தொறந்து வச்சு உக்காந்துட்டுப் போச்சு. எங்களுக்கும் அதே கதி ஆகக்கூடாது.

எந்த நேரம் வைக்கலாம், காசு வாங்கணுமா சும்மா நடத்தலாமா, கவர்மெண்ட் திட்டம் எதுவும் இதுக்குத் தோதா இருக்கா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

துபாய் நெல்லையான்:

வெளங்குன மாதிரிதான். ஒவ்வொரு பயலும் கையில போன வச்சு ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கான், அவன்ட்ட போய் செஸ்ஸு கதைன்னுட்டு. வெளையாட ஒரு டர்ஃப் கிரவுண்டு போடுங்க, லைட்ட போடுங்க, தன்னால வருவான். லைப்ரரிலாம் எங்க காலத்தோட போச்சுடே.

ரிட்டயர்டு வாத்தியார் அம்பை:

துபாய்த் தம்பி, டர்ஃப் போட நீங்க பணம் அனுப்புதியன்னா இடம் பாத்துருவோம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு. நான் 90கள்ல பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்துல தொண்டரா இருந்தவன். ராத்திரி ஏழு எட்டு மணிக்கு மேல தெரு லைட்டுக்குக் கீழ பாய விரிச்சு உக்காருவோம். அப்ப நாங்க பாத்த விஷயம் என்னன்னா "வாங்க படிக்கலாம்"னு கூப்பிட்டா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாவ, அதே ஆளுக்கு பஸ் போர்டு வாசிக்கணும், ரேஷன் கார்டுல என்ன எழுதிருக்குன்னு பாக்கணும், கைநாட்டு வைக்கக் கூச்சமா இருக்குன்னா அதுக்கு வருவாவ. கலைக்குழு வந்து வீதி நாடகம் போட்டுட்டுப் போகும், ஊரே கூடும், மறுநாள் யாரு வாறாங்கங்கறதுதான் கணக்கு. அதுக்குப் பிறகு வளர்கல்வி மையம்னு ஒண்ணு வச்சாங்க, பேப்பர் புக்கு எல்லாம் வந்தது, ஆள் இல்லாம பைய பைய நின்னு போச்சு.

இப்ப புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு ஒண்ணு 2022ல இருந்து ஓடுது. 15 வயசுக்கு மேல எழுத்துத் தெரியாதவங்களுக்கு, உள்ளூர் ஸ்கூல் மூலமா தன்னார்வலர வச்சு சொல்லிக்குடுக்குதாங்க, புக்கும் குடுப்பாங்க, கடைசில ஒரு பரிட்சை. உங்க ஊர் ஸ்கூல் ஹெட்மாஸ்டர போய்ப் பாருங்க, மையம் நடக்குதா, நடந்தா எங்க நடக்குதுன்னு. பாதில படிப்ப விட்ட பொம்பளைங்க கல்யாணம் ஆகி வந்தவங்க நிறைய பேரு இருப்பாங்க. அவங்களுக்கு எட்டாங்கிளாஸ் தனித்தேர்வு இருக்கு, பன்னிரண்டரை வயசு முடிஞ்சிருந்தா யாரும் எழுதலாம், மேல வயசு வரம்பு கிடையாது. அத எழுதிட்டா பிறகு பத்தாங்கிளாஸையும் தனித்தேர்வரா எழுதிரலாம். இதுக்கு நோட்டிபிகேஷன் எப்ப வருதுன்னு பாத்து ஃபார்ம் போட ஒரு ஆளு ஊர்ல இருந்தா அதுவே பெரிய காரியம். நீங்க டிராயிங் கிளாஸ் நடத்தாட்டாலும் பரவால்ல.

ஆரம்பிக்குத மாசத்தையும் யோசிங்க. உங்க பக்கம் கார், பிசானம்னு ரெண்டு நெல் போகமும் உண்டு. ஐப்பசி கார்த்திகைல பிசான நடவு நடக்குத நேரத்துல பேனர் கட்டுனா நடவுக்குப் போயிட்டு வந்த பொம்பளைக்கு முதுகு நிமிராது, எங்க வந்து உக்காருவா. அதே மாதிரி கோயில் கொடைத் திருவிழா வருதன்னைக்கு கிளாஸ் வைக்காதீங்க. கொடைக்குப் பிள்ளைகள கோலாட்டம் ஒயிலாட்டம் ஆட விடுததா இருந்தா அதுக்குப் பழக்குததயே ஒரு கிளாஸா வைங்க, யாரும் கூப்பிடாமலே தாய்மாரு பிள்ளையக் கொண்டு வந்து விடுவாவ.

முக்கூடல் மயினி:

தம்பி நான் முக்கூடல் பக்கம், மகளிர் குழுவுல இருக்கேன், பீடியும் சுத்துதேன். சார் சொன்னது சரிதான், நேரத்தப் பத்தி நான் சொல்லுதேன். சாயங்காலம் அஞ்சு மணி ஆறு மணின்னு நீங்க வைப்பீங்க. எங்களுக்கு அப்பதான் பீடியக் கட்டுப் போட்டு எண்ணி கடைக்குக் குடுக்கப் போற நேரம், சில ஊர்ல காலைல வாங்குவாவ, அங்க ராத்திரி உக்காந்து மடக்கணும். குடுத்துட்டு வந்தா உலை வைக்கணும். நூறு நாள் வேலைக்குப் போறவ சாயங்காலம் போட்டோ எடுக்குத வரைக்கும் அங்க நிக்கணும். அதனால முதல்ல ஊர்ல பொம்பளையள்ட்ட எப்ப சும்மா இருக்கியன்னு கேளுங்க, நோட்டீஸ் அடிச்சிட்டு கேக்காதீங்க.

அப்புறம் என்ன சொல்லிக்குடுக்கப் போறிய. யாரு வந்தாலும் தையல்தான். தையல் இல்லன்னா ஊதுபத்தி, பினாயில். எங்க தெருவுல மட்டும் எத்தனை தையல் மிசின் மேல துணி மூடி டிவி வச்சிருக்காவன்னு வந்து பாருங்க. எல்லாரும் தைச்சா யாரு தைக்கக் குடுப்பா. நான் எங்க குழுவுல கேட்ட வரைக்கும் வேண்டியது வேற. போன்ல பணம் அனுப்பத் தெரியணும், ஓடிபி எவன் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு தெரியணும், பேங்க்ல சலான் நிரப்ப வரிசைல முன்னால நிக்குத பையன்கிட்ட கெஞ்சக்கூடாது. பீடிக்காரிக்கு பிஎஃப் உண்டு, ஆதார்ல ஒரு பேரு பாஸ்புக்ல ஒரு பேரு இருந்தா பணம் எடுக்க முடியாது, அத மாத்த எங்க போகணும்னு ஒருத்திக்கும் தெரியாது. பீடி சுத்துதவ பிள்ளைகளுக்கு மத்திய அரசு ஸ்காலர்ஷிப்பு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே இருக்கு, ஆன்லைன்ல தேசிய உதவித்தொகை போர்ட்டல்ல போடணும், கடைசி தேதி முடிஞ்ச பிறகுதான் எங்க காதுக்கு வரும். இதுக்கு வாரத்துல ஒரு நாள் ஒரு லேப்டாப்போட ஒரு பிள்ளை உக்காந்தா போதும், நாங்க வருவோம், பீடி சுத்துத தட்டையும் கொண்டு வந்துருவோம்.

சேரன்மாதேவி பாசஞ்சர்:

மயினி சொன்ன தட்டு மேட்டர் முக்கியம். கேரளாவுல கண்ணூர் பக்கம் பீடிக் கம்பெனிகள்ல ஒருத்தர் சத்தமா பேப்பர் வாசிப்பாரு, மத்தவங்க சுத்திக்கிட்டே கேப்பாங்க, வாசிக்கிறவருக்கு அந்த நேரத்துக் கூலிய எல்லாரும் சேந்து ஈடு கட்டிருவாங்க. நம்ம பக்கம் வீட்டுத் திண்ணைலயும் வேப்பமரத்தடிலயும் நாலஞ்சு பேரா கூடி உக்காந்துதான் சுத்துதாங்க. கட்டடத்துக்குள்ள அவங்கள கூப்பிடுததுக்குப் பதிலா லைப்ரரி புக்க எடுத்துட்டு நீங்க அங்க போனா என்ன? ஒரு பிளஸ் டூ பிள்ளைய விட்டு அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்க. தொடர்கதை மாதிரி நிப்பாட்டிட்டு வரணும், அப்பதான் மறுநாள் "ஏட்டி, பிறகு என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்க.

இன்னொண்ணு, கட்டடத்த யாரு தினமும் தொறக்கப் போறா? நீங்க ராத்திரிதான் ஊருக்கு வாறிய. என்னோட யோசனை, ஊர்ல டிஎன்பிஎஸ்சி குரூப் ஃபோர் பரிட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள பிடிங்க. அது பத்தாங்கிளாஸ் தகுதிதான், 200 கேள்வில 100 தமிழ், பாதி பேரு வீட்ல டிவி சத்தத்துல படிக்க இடமில்லாம கிடக்காங்க. அவங்களுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு ஃபேன், நல்ல லைட்டு, ஆறாங்கிளாஸ்ல இருந்து ஸ்கூல் புக்கு ஒரு செட்டு, அவ்வளவுதான். சாவிய அவங்க கையில குடுத்தா காலைல ஆறு மணிக்கே தொறந்துருவாங்க. அதுக்குப் பதிலா சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ரெண்டு மணி நேரம் அவங்க பாத்துக்கிடணும்னு பேசிக்கோங்க. சாவி ஒருத்தர் வீட்ல இருந்தா அவரு மச்சினன் கல்யாணத்துக்குப் போனா கிளாஸ் கிடையாது, அதான் நடைமுறை.

2021ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப மாசம் ஆயிரம் ரூபாய்க்கு சாயங்காலம் பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுத்த அக்காமாரு உங்க ஊர்லயும் இருப்பாங்க. புதுசா ஆளத் தேடாம அவங்கள முதல்ல கூப்பிடுங்க, பிள்ளைகள அடக்கி உக்கார வைக்கிற வித்தை அவங்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

மணிமுத்தாறு நத்தைகுத்தி:

நான் பறவை பாக்குற ஆளு, அதனால என் பாட்டத்தான் பாடுவேன், மன்னிக்கணும். எல்லாத்தையும் நாலு சுவத்துக்குள்ளயே யோசிக்காதீங்க, உங்க ஊர்ச் சுத்தி குளம் இருக்கு. 2011ல இருந்து வருஷா வருஷம் ஜனவரி மாசம் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, மணிமுத்தாறுல இருக்குற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம்தான் முன்னால நின்னு நடத்துது. யாரு வேணாலும் தன்னார்வலரா போகலாம், முன்கூட்டியே பயிற்சி குடுக்காங்க. ஸ்கூல் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் விடியக்காலம் குளத்துக்கரைல நின்னு நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரான்னு எண்ணி நோட்டுல எழுதும். பைனாகுலர் ஒண்ண கையில குடுத்துப் பாருங்க, ரீல்ஸ் தள்ளுத பய வரிசைல நின்னு வாங்கிப் பாப்பான், நான் கண்ணால பாத்தது.

பெரியவங்களுக்கும் இதுல இடம் இருக்கு. எந்த மடை வழியா எந்த வயலுக்குத் தண்ணி பாயும், குளம் எந்த வருஷம் நெறஞ்சு மறுகால் பாஞ்சதுன்னு கேட்டா நம்ம தாத்தாமாரு சும்மா இருக்க மாட்டாவ. பிள்ளைகள ஒரு ஞாயித்துக்கிழமை அவிய பின்னால அனுப்பி ஊர்க் குளத்துக்கு ஒரு மேப்பு வரையச் சொல்லுங்க. கூந்தன்குளத்துக்கு ஒரு ட்ரிப்பு கூட்டிட்டுப் போங்க, 1994ல சரணாலயமா அறிவிச்சாங்க, அதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடியே ஊர்க்காரங்க பறவைய காப்பாத்திட்டு வாறாங்க, தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க. அந்த ஊர் ஆளுங்க பேசுனாலே போதும், தனியா லெக்சர் வேண்டாம்.

வள்ளியூர் வண்டி:

எல்லாரும் ஒரு விஷயத்தச் சுத்தி வந்துட்டு இருக்கீங்க, நான் நேரா கேட்டுருதேன். கட்டடம் எந்தத் தெருவுல இருக்கு?

ஏன் கேக்கேன்னா நம்ம மாவட்டத்துல இதான் முத கேள்வி. கோயில் பக்கத்துல ஒரு தெருவுக்குள்ள இருந்தா இன்னொரு தெருப் பிள்ளைக வராது, வந்தாலும் அவங்க அப்பா அம்மா விட மாட்டாங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில பிளஸ் டூ படிக்கிற பையன வீடு புகுந்து வெட்டுனது கூடப் படிச்ச பயலுவதான், தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்குப் பிறகுதான் ரிட்டயர்டு ஜட்ஜ் சந்துரு தலைமைல ஒருநபர் கமிட்டி போட்டு 2024 ஜூன்ல ரிப்போர்ட் குடுத்தாங்க, சாதியக் காட்டுததுக்கு கையில கலர் கயிறு கட்டுததப் பத்தியெல்லாம் அதுல இருக்கு. கயித்த ஸ்கூல் வாசல்ல அவுத்துருவான், சாயங்காலம் எங்க போறான் யாரோட உக்காருதான்னு யாரு பாக்கா? நீங்க நடத்தப்போறது அந்த சாயங்காலத்ததான். ஒரு தெரு ஆளுக மட்டும் சேந்து நடத்துனீங்கன்னா செஸ் கிளாஸா இருந்தாலும் அது அந்தத் தெரு சங்கம்தான்.

கன்னடியன்கால்காரன்:

வள்ளியூர் அண்ணாச்சி, சரியான இடத்துல கை வச்சிட்டீங்க. கட்டடம் எங்க தெருப் பக்கம்தான், அம்மன் கோயிலுக்கு அடுத்தாப்ல. நாங்க நாலஞ்சு பேரும் ஒரே தெருதான், அத நான் கேள்வில எழுதல. கீழத்தெருப் பையன் ஒருத்தன் கூடப் படிச்சவன் இருக்கான், நேத்து அவன்ட்ட போன்ல பேசினேன், "நான் வருவேன், என் தங்கச்சிய அனுப்ப மாட்டேன்"னு நேராவே சொல்லிட்டான். இப்ப என்ன பண்ணலாம்?

ரிட்டயர்டு வாத்தியார் அம்பை:

தம்பி, பிள்ளைகளுக்கு நடத்துதத கவர்மெண்ட் ஸ்கூல்ல வைங்க. அது யாரு தெருவும் கிடையாது, எல்லாப் பிள்ளையும் தினமும் போயிட்டு வார இடம். பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு தெருத் தாய்மாரும் உறுப்பினரா இருப்பாங்க, அந்தக் கூட்டத்துல வச்சு சனி ஞாயிறு ஸ்கூல் வராண்டாவ பிள்ளைகளுக்குத் தாங்கன்னு கேளுங்க. லைப்ரரிய குரூப் ஃபோர் பிள்ளைகளுக்கும் மயினி சொன்ன ஃபார்ம் வேலைக்கும் வச்சுக்கிடுங்க, பரிட்சை எழுதப் போற பய மார்க்கத்தான் பாப்பான், யாரு பக்கத்துல உக்காந்திருக்கான்னு ரொம்பப் பாக்க மாட்டான். சாவி ரெண்டு போடுங்க, ஒண்ணு கீழத்தெருவுல இருக்கட்டும். இது முதல் நாளே நடக்கணும், பிறகு பாத்துக்கிடலாம்னா நடக்காது.

அப்புறம் தலைவரு வாயால சொன்னது போதாது. கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருதோ அதுல எழுந்து நின்னு கேட்டு தீர்மானமா எழுத வைங்க, கையெழுத்துப் போடுததுக்கு முன்னால மினிட்ல ஏறிருக்கான்னு வாசிச்சுப் பாருங்க. கரண்ட் பில்லு பஞ்சாயத்து கட்டணும்ங்கறதையும் அதுலயே சேத்துருங்க. இல்லன்னா அடுத்த தலைவரு வந்து பூட்டப் போட்டுருவாரு.

காசு வாங்குத விஷயம், என்னையக் கேட்டா வாங்காதீங்க. டீக்காசு வேணும்னா வேலைக்குப் போற நீங்க போடுங்க.

துபாய் நெல்லையான்:

சரிடே, டர்ஃப விடுங்க. ஃபேனும் லைட்டும் என் கணக்கு. கல்லுல பேரு வெட்ட வேண்டாம். ஆனா பேனர் கட்டுனீங்கன்னு கேள்விப்பட்டா கழட்டிட்டுப் போயிருவேன் ஆமா.

கன்னடியன்கால்காரன்:

அண்ணாச்சி ரொம்ப நன்றி, பேனர் கிடையாது. ஸ்கூல் கூட்டம் அடுத்த வாரம், கூடப் படிச்சவனையும் கூட்டிட்டுப் போறேன். மயினி, லேப்டாப் இருக்கு, உக்கார ஒரு தங்கச்சியும் தயாரா இருக்கு. பொம்பளையாளுக்கு வேற ஏதாவது பாத்து வைக்கணுமா?

முக்கூடல் மயினி:

கக்கூஸ் இருக்கா, தண்ணி வருதா, கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கான்னு பாரு தம்பி. ரோட்டுல இருந்து கட்டடம் வரைக்கும் லைட்டு எரியணும். பாயி நாங்களே கொண்டு வந்துருவோம்.