நாலில் எது பழைய டிஸ்க்?

லினக்ஸில் நாலு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு 5. ஒரு நாள் காலையில் மவுன்ட் ஆகவில்லை. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார்த்தால் ‘இன்ஆக்டிவ்’ என்று இருக்கிறது, நாலு டிஸ்க் பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் ஓர் ‘எஸ்’, அதாவது ‘ஸ்பேர்’, உதிரி. ஒரு டிஸ்க் போனால் ரெய்டு 5 தாங்கும், இரண்டு போனால் நின்றுவிடும். கை நேராக, டிஸ்க்குகளில் உள்ள பழைய ரெய்டு விவரத்தின் மேல் புதிதாக எழுதிவிடும் ‘கிரியேட்’ கட்டளைக்குத்தான் போனது. நல்லவேளை, அடிக்கவில்லை.

அதற்குப் பதிலாக எம்டிஅட்ம் என்ற ரெய்டு கருவியில், டிஸ்க்கில் உள்ள விவரத்தைப் படித்து மட்டும் காட்டும் எக்ஸாமின் கொடுத்து, ஒவ்வொரு டிஸ்க்கின் ஈவென்ட் எண்ணையும் (ரெய்டில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்) ஒரு தாளில் எழுதினேன். 48217, 48217, 48209, 31050. கடைசி எண்ணைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அந்த டிஸ்க் அன்று விழவில்லை, விழுந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது. எச்சரிக்கை மெயில் போக வேண்டிய முகவரியை நான் நிரப்பவே இல்லை. அன்று விழுந்தது 48209 மட்டும்தான், மற்றவற்றுக்கு எட்டே படி பின்னால்.

அதில் சில செக்டார்கள் படிக்க முடியாமல் இருந்ததால், முதலில், கெட்ட டிஸ்க்கிலிருந்து முடிந்தவரை படித்தெடுக்கும் டிடிரெஸ்க்யூ வைத்துப் புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடியது. அப்புறம் ரெய்டை ஸ்டாப் செய்து, 31050-ஐக் கழற்றி வைத்துவிட்டு, நகலோடு சேர்த்து மூன்றை மட்டும் அசெம்பிள் ஃபோர்ஸ், அதாவது எண் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் வலிந்து சேர்க்கும் கட்டளை. பழையதையும் சேர்த்திருந்தால் பல வாரத்துக்கு முந்தைய தரவு உள்ளே கலக்க இடம் கொடுத்ததாகியிருக்கும். ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். இரண்டு கோப்புகள் மட்டும் திறக்கவில்லை.

———

மேலே உள்ளவர் அடிக்காத கிரியேட்டை அடித்தவன் நான். ‘எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்’ என்னும் அஷ்யூம்-கிளீன் போட்டதால், டிஸ்க்குகளில் மறுபடி எழுதும் ரீசிங்க் ஓடவில்லை, தப்பித்தேன். ஆனாலும் ஃபைல் சிஸ்டம் தெரியவில்லை. பழைய எம்டிஅட்ம் தரவை 2048-வது செக்டாரில் தொடங்கியிருக்கிறது, புதியது 262144-இல் தொடங்குகிறது! அந்தத் தொடக்க இடத்தை, அதாவது டேட்டா ஆஃப்செட்டைக் கையால் கொடுத்து, டிஸ்க் வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாலு டிஸ்க்குக்கு 24 வரிசை. பதினேழாவதில் கிடைத்தது. இதையெல்லாம் நேரடி டிஸ்க்கில் செய்யாதீர்கள், எழுதுவதெல்லாம் வேறொரு கோப்புக்குப் போகும்படி ஓவர்லே போட்டுச் செய்யுங்கள்.

———

முதல் பதிவருக்கு: அது டெஸ்க்டாப் டிஸ்க்கா? அவற்றில் பல, கெட்ட செக்டாரோடு நிமிடக்கணக்கில் போராடும். லினக்ஸின் மையமான கெர்னல் 30 நொடிதான் பொறுக்கும், அப்புறம் டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். ஸ்மார்ட்கன்ட்ரோல் (ஸ்மார்ட்சிடிஎல்) என்ற டிஸ்க் கருவியில், டிஸ்க் எவ்வளவு நேரம் போராடலாம் என்னும் எஸ்சிடி இஆர்சி-யை 70 (நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு) என்று வைத்தால் 7 நொடியில் விட்டுவிடும். அந்த வசதி இல்லாத டிஸ்க்குக்குக் கெர்னல் பக்கத்து டைம்அவுட்டை 180 நொடி ஆக்குங்கள். ஒவ்வொரு பூட்டிலும் போட வேண்டும், நிலைக்காது.