பெர்ஃபார்மேட்டிவிட்டி: 'கணக்குக்காட்டுமை' சரிவருமா?

பெர்ஃபார்மேட்டிவிட்டி (performativity) என்ற கலைச்சொல்லுக்குத் தமிழில் 'கணக்குக்காட்டுமை' என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> 'நிகழ்த்துதன்மை' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம். பாலின அடையாளம் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களால் உருவாகிறது என்கிற தத்துவவாதி ஜூடித் பட்லரின் கருத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். நான் மொழிபெயர்ப்பது கல்விச் சமூகவியலாளர் ஸ்டீபன் பால் 2003-இல் எழுதிய கட்டுரையை. அவர் இந்தக் கருத்தை எடுத்தது பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதாரிடமிருந்து. பாலுக்கு இது ஆசிரியர்களை ஆளும் ஒரு முறை: தீர்ப்பு சொல்வது, ஒப்பிடுவது, காட்சிக்கு வைக்கச் செய்வது. சந்தை, மேலாண்மை இரண்டோடும் கைகோத்து, உலக வங்கி, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) போன்றவை வழியாக நாடு நாடாகப் பரவுவதால் இந்தக் கல்விச் சீர்திருத்தங்களைக் கொள்ளைநோய் என்றே சொல்கிறார்.

> அப்படியானால் 'அளவீட்டாட்சி' போதுமே?

இரண்டு நாள் அதை வைத்துத்தான் மொழிபெயர்த்தேன். அளப்பவர் தெரிகிறார், அளக்கப்படுபவர் படும் பாடு தெரியவில்லை.

என் அக்கா இங்கிலாந்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். ஒரு ரப்பர் முத்திரை எப்போதும் கையோடு இருக்கும். 'வாய்மொழியாகச் சொல்லப்பட்டது' என்பது அதன் வாசகம். எழுத்தைத் திருப்பிப் போட்ட பிள்ளையின் பக்கத்தில் குனிந்து சொல்லிக் கொடுத்தால், உடனே நோட்டில் அதைக் குத்த வேண்டும். பிள்ளைக்கோ அதை வாசிக்கத் தெரியாது. வாய்மொழித் திருத்தத்துக்கு எழுத்துப் பதிவை எதிர்பார்க்கவில்லை என்று பள்ளிகளைச் சோதனையிடும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டே அறிவித்திருந்தது. ஆனாலும் பள்ளி விடவில்லை. யாருக்காக அக்கா இதெல்லாம் என்று கேட்டேன். "கணக்குக் காட்டத்தான்டா" என்றார்.

எனக்குச் சொல் அங்கேதான் கிடைத்தது. நாம் நாள்தோறும் சொல்வது, விளக்கம் கேட்காமலே புரிவது. வெறும் 'காட்டுமை' என்றால் காடு நினைவுக்கு வரும். முன்னால் கணக்கு நின்றால் அந்தத் தொல்லை இல்லை.

> 'பொறுப்புக்கூறல்' (accountability) என்பதோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். பொறுப்புக்கூறலில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பதில் சொல்கிறோம். கணக்குக்காட்டுமையில் பதிவேட்டுக்குப் பதில் சொல்கிறோம். இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளித் தரவரிசைப் பட்டியல்கள் வந்தன. பதினாறு வயதுத் தேர்வில் ஐந்து பாடங்களில் 'சி' தரமோ அதற்கு மேலோ வாங்கியவர் எத்தனை பேர் என்பதே நெடுங்காலம் பள்ளியின் மதிப்பாக இருந்தது. லண்டனின் இரண்டு பள்ளிகளை கில்போர்ன், யூடல் என்ற கல்வி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 'சி'க்கும் 'டி'க்கும் நடுவே நிற்கும் பிள்ளைகள் மீதே கவனம் குவிந்தது. தேறமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களில் கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள். கணக்கில் ஏறாத பிள்ளை என்று தமிழில் எழுதும்போது இந்த அநீதி சொல்லிலேயே தெரிகிறது. 'அளவீட்டாட்சி'யில் அது வராது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பள்ளிகள் தம்மைப் பற்றி உருவாக்கிக் காட்டும் வடிவத்தைப் பால் ஃபேப்ரிகேஷன் (fabrication) என்கிறார். 'புனைவு' என்றால் கதை ஆகிவிடும், 'ஜோடிப்பு' என்றால் முழுப் பொய். அவர் சொல்வதோ பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. 'ஒப்பனை' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?