மாடல் பாக்ஸ்என் வேகனுக்கு அழுக்கு ஏற்றினேன், மூன்றும் ஒரே சேறாகிவிட்டது. எப்படிச் சரி செய்வது?

சத்துவாச்சாரி_16.5

எல்லாருக்கும் வணக்கம். மாடல் ரயிலில் ஹெச்ஓ என்கிற அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி மூன்று பாக்ஸ்என் வேகன் (நிலக்கரி ஏற்றுகிற, மேலே திறந்த கூட்ஸ் வேகன்) கட்டியிருக்கிறேன். நிஜ வேகன் கப்ளர் முனையிலிருந்து முனை வரை 10.713 மீட்டர், என்னுடையது 123 மில்லிமீட்டர். இரண்டு மாத வேலை. செங்காவி பிரவுன் அடித்து, எண்களுக்கு டெகல் என்கிற ஒட்டுப்படம் ஒட்டி, மேட் வார்னிஷ் அடித்த வரைக்கும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

அதற்கப்புறம்தான் எல்லாம் கெட்டது. நிஜ வேகன் மாதிரி அழுக்காகத் தெரியட்டும் என்று இந்தியன் இங்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலந்து மேலே பூசினேன், காய்ந்ததும் வேகன் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதை மறைக்க பாஸ்டல் பொடி தேய்த்தேன், நன்றாகவே வந்தது. பொடி உதிரக் கூடாதே என்று திரும்ப வார்னிஷ் அடித்தால் பாதிப் பொடியைக் காணோம். இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றி, இப்போது மூன்று வேகனும் ஏரிச் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி ஒரே நிறத்தில் நிற்கின்றன, படம் கீழே.

காட்பாடியில் நான் தினமும் பார்க்கிற கூட்ஸும் அழுக்குதான், ஆனால் இப்படி இல்லை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, சொல்லத் தெரியவில்லை. பெயிண்டை உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கணுமா, இதிலேயே தேற்றலாமா? ஏர்பிரஷ் கிடையாது, கேன் ஸ்பிரேயும் சாதா பிரஷும்தான் இருக்கிறது.

லத்தேரி_லூப்லைன்

உரிக்க வேண்டாம், தேற்றிவிடலாம்.

முதலில் அந்த வெள்ளை. லாக்கர் வகை மேட் வார்னிஷ் மேல் ஆல்கஹால் பட்டால் அப்படி ஆவது உண்டு. வார்னிஷின் மேல்தோல் லேசாகக் கரைந்து திரும்ப இறுகும்போது வெள்ளை படிகிறது. மேலே மெல்லிசாக இன்னொரு கோட் அதே வார்னிஷை அடித்திருந்தால் பெரும்பாலும் போயிருக்கும், பொடி போட்டு மறைக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. இனி வார்னிஷுக்கு மேல் ஆல்கஹால் கொண்டு போகாதீர்கள். அக்ரிலிக் பெயிண்டையே தண்ணீரில் நன்றாக நீர்க்கக் கரைத்து, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விடுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், இருந்தால் விலா எலும்பு மாதிரி இருக்கிற ரிப்களின் இடுக்கில் தானாக இறங்கிவிடும்.

பொடி காணாமல் போவது எல்லாருக்கும் நடக்கிறது. வார்னிஷில் நனைந்ததும் பொடியின் நிறம் மங்கிவிடும், மெல்லிசாக இருக்கிற இடத்தில் ஒன்றுமே தெரியாது. தேவைக்கு மேல் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, ஓர் அடிக்கும் அதிகமான தூரத்திலிருந்து பனி மாதிரி ஒரு வீச்சு மட்டும் அடித்து, காய விட்டு, அப்புறம் அடுத்த அடுக்கு. கையால் அதிகம் தொடாத வேகன் என்றால் கடைசி அடுக்குப் பொடிக்கு வார்னிஷே போடாமல் விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் விடுகிறேன், சட்டத்தின் அடியைப் பிடித்துத் தூக்குவேன்.

இன்னொன்று, எந்த நேரத்தில் ஸ்பிரே அடித்தீர்கள்? ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தால் ஆல்கஹால் இல்லாமலே வெள்ளை பூக்கும். கத்திரி வெயிலில் மத்தியானம் மாடியில் அடித்தால் பெயிண்ட் வேகனைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மணல் ஒட்டியது போல் சொரசொரப்பாகிவிடும். நம்ம ஊரில் காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் அடிப்பதுதான் சரி. காய வைக்கிறேன் என்று மாடி வெயிலில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மெல்லிய ஷீட்டில் கட்டிய வேகன், வெயிலில் வைத்த பெட்டிக்குள் இருந்தால் வளைந்துவிடும்.

ஹார்டுவேர் கடையில் தின்னர் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் என்சி தின்னர். அது ஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைக்கும். பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேகன் பக்கம் வேண்டாம்.

பழைய_டிஎக்ஸ்ஆர்

தம்பி, நான் மாடல் செய்கிறவன் இல்லை. பேரன் இதைக் காட்டினான், படித்ததும் எழுதத் தோன்றியது. ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் டிஎக்ஸ்ஆராக, அதாவது வண்டியைப் பரிசோதிக்கிறவனாக, வேகனுக்குப் பக்கத்திலேயே நடந்து, அடியில் குனிந்து பார்த்த வேலை. நீ கேட்ட வித்தியாசம் எனக்குத் தெரியும். நீ வேகன் முழுக்க அழுக்கைப் பூசியிருக்கிறாய். நிஜத்தில் ஒவ்வொரு அழுக்கும் ஓர் இடத்திலிருந்து வருகிறது, ஓர் இடத்தில்தான் போய் உட்காரும்.

சக்கரத்திலிருந்து ஆரம்பி. பிரேக் பிளாக் தேய்ந்து, சக்கரம் தேய்ந்து வருகிற தூள் செம்பழுப்பாக போகி (சக்கரங்களைத் தாங்குகிற சட்டம்) முழுக்க, அண்டர்ஃபிரேம் என்கிற அடிச்சட்டம் முழுக்கப் படியும். பாடியை விட போகி வேறு நிறமாக இருப்பது அதனால்தான். மழைக்காலத்தில் சக்கரம் தண்ணீரையும் தூளையும் வாரி மேலே அடிக்கும், அது வேகனின் முகப்புப் பக்கத்தில் சக்கரத்துக்கு நேர் மேலே இரண்டு பட்டையாக நிற்கும். பக்கவாட்டில் அது இருக்காது.

பாக்ஸ்என் உள்பக்கம் தனிக் கதை. நிலக்கரி கொட்டிக் கொட்டி, மண்வாரி இயந்திரம் சுரண்டிச் சுரண்டி உள்ளே பெயிண்ட் என்று ஒன்று இருக்காது. பழைய துரு கரும்பழுப்பு, புதிதாகச் சுரண்டின இடத்தில் ஆரஞ்சு. மேல் விளிம்பிலும் அடிபட்டுப் பெயிண்ட் போயிருக்கும், அங்கிருந்துதான் துரு வெளிப்பக்கம் கோடாக வழியும். பக்கத் தகடுகள் கம்பங்களுக்கு நடுவே வெளியே உப்பியிருக்கும், உள்ளிருந்து இடித்த இடி. நீ கட்டினது நேர்த்தியாகத் தட்டையாக இருந்தால் இரண்டு மூன்று கட்டத்திலாவது அந்த உப்பலைக் கொண்டு வா. பழுது பார்த்த வேகனில் துரு அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள், அந்தச் சதுரம் மட்டும் புது பெயிண்டில் தனியாகத் தெரியும்.

ஆக்சில் முனையில் கறுப்பாக எண்ணெய் வடிகிற மாதிரி மாடலில் அடிப்பதைப் பேரன் காட்டினான். பழைய நாலு சக்கர வேகனுக்கு அது சரி. பாக்ஸ்என்னுக்குக் கீழே இருப்பது காஸ்னப் என்கிற வகைப் போகி, அதில் கார்ட்ரிட்ஜ் பேரிங், சீல் வைத்தது. அதிலிருந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால் அது பழுது, அந்த வேகனை நான் சும்மா அனுப்பியிருக்க மாட்டேன். சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் எப்போதும் கண்ணாடியாக மின்ன வேண்டும்.

கடைசியாக எழுத்து. பிஓஎச், அதாவது குறித்த காலத்துக்கு ஒரு முறை செய்கிற முழுப் பராமரிப்பு, முடிந்து ஒர்க்ஷாப்பிலிருந்து வருகிற வேகனில் எண், தேதி எல்லாம் புதிதாக எழுதி வரும். அதற்கப்புறம் பாடி அழுக்கானாலும் எண் இருக்கிற இடத்தை நாங்களே துணியால் துடைத்துத்தான் படிப்போம். அந்த இடம் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கட்டும். உன் படத்தில் எண்ணையும் சேர்த்து மூடிவிட்டாய். 11 இலக்கம் அது: வேகன் வகை, எந்த ரயில்வே, செய்த வருஷம், வரிசை எண், சரிபார்க்கும் இலக்கம். ஐந்தாவது ஆறாவது இலக்கத்தைப் பார்த்தாலே வேகனின் வயசு தெரிந்துவிடும். அந்த வயசுக்கு ஏற்ற அழுக்கைப் போடு.

சத்துவாச்சாரி_16.5

ஐயா, இதை நாலு தடவை படித்துவிட்டேன். எண்ணைப் பார்த்து வயசு சொல்லலாம் என்பது தெரியாமலே மூன்று வேகனுக்கும் ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருக்கிறேன். ஒன்றில் ஐந்தாவது ஆறாவது இடத்தில் 89 என்று வருகிறது, ஒன்றில் 06. அப்படியென்றால் 89 போட்டதுதான் அதிகம் அடிபட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய_டிஎக்ஸ்ஆர்

அடிபட்டது என்று வை, ஆனால் அழுக்கானது என்று வைக்காதே. 89-ல் செய்த வேகன் போன மாதம் பிஓஎச் முடித்து வந்திருந்தால் பெயிண்ட் புதுசாக இருக்கும், தகடு மட்டும் உப்பலும் ஒட்டுமாக இருக்கும். 06 வேகன் அடுத்த பிஓஎச்சுக்கு நாள் நெருங்கி வெளுத்துப் போயிருக்கும். ஒரே ரேக்கில், அதாவது ஒரே வண்டியாகக் கோத்த வேகன் வரிசையில், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும், அதுதான் பார்க்க அழகு.

ராணிப்பேட்டை_தூரிகை

நான் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன், ரயில் மாடலுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. துரு வழிகிற கோடு பற்றி ஐயா சொன்னார்கள் அல்லவா, அதை எப்படி வரைவது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பொடியால் அது வரவே வராது.

ஆயில் கலர் வாங்குங்கள், மாணவர்கள் வாங்கும் சின்ன டியூப் போதும். பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா இரண்டும் கட்டாயம், கொஞ்சம் ஆரஞ்சு. அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி நேரம் விட்டால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், அப்போதுதான் மினுமினுப்பு இல்லாமல் காயும். மேல் விளிம்பில் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. பத்து நிமிடம் கழித்து, தட்டையான பிரஷை வாசனையில்லாத மினரல் ஸ்பிரிட்டில் தோய்த்து, துணியில் கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துவிட்டு, புள்ளியிலிருந்து நேராகக் கீழே ஒரே இழுப்பு. இவ்வளவுதான். அதிகமாகிவிட்டால் அதே பிரஷால் முழுக்கவும் துடைத்து எடுத்துவிடலாம், மறுநாள் கூடத் திருத்தலாம். வேறு எந்தப் பெயிண்டும் இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்காது. அடியில் அக்ரிலிக்கும் வார்னிஷும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், முதலில் வேகனின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகளை ஒரே இடைவெளியில் வைக்காதீர்கள். பத்துக் கட்டத்தில் மூன்றில் துரு இருந்தால் போதும், ஒன்றில் மட்டும் கீழ் வரை இறங்கட்டும்.

பொடிக்குக் கடையில் விற்கும் விலை உயர்ந்த டப்பா தேவையில்லை. கோலத்துக்குப் போடும் காவியைச் சலித்தால் பிரேக் தூளுக்கு அப்படியே பொருந்துகிறது, அடுப்புக்கரியை அரைத்துச் சலித்தால் நிலக்கரித் தூசி. ஆற்று மணல், செம்மண் சேர்க்கிறவர்கள் முதலில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அதில் ஓட்டிப் பாருங்கள். நான் பாலாற்று மணலில் ஓட்டினபோது கறுப்புத் தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அது பாதையில் உதிர்ந்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், அப்புறம் மோட்டார் நாசம்.

வாலாஜா_1856

அழுக்கு பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் எடையைக் கேட்கிறேன். ஷீட்டில் கட்டிய காலி வேகன் வளைவில் தடம் விலகுமே, எவ்வளவு எடை வைத்தீர்கள்? என்எம்ஆர்ஏ என்கிற அமெரிக்க மாடல் ரயில் சங்கம் சொல்கிற கணக்கு ஹெச்ஓவுக்கு ஓர் அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். உங்கள் 123 மில்லிமீட்டருக்குச் சுமார் 97 கிராம் வருகிறது. திறந்த வேகனில் எடையை ஒளிக்க இடம் கிடையாது, அதனால் நிலக்கரி ஏற்றியதாகவே வைத்துவிடுங்கள். தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டை அடியில் பரப்பி, மேலே ஃபோம் துண்டு, அதற்கு மேல் சலித்த கரி, ஃபெவிகாலைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் இறுகிவிடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

சக்கரத்தின் முகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஆக்சிலின் ஊசி முனையில் ஒரு துளி பட்டாலும் வேகன் உருளாது. அதற்கு நான் சைக்கிள் வால்வ் டியூபில் சின்னத் துண்டு வெட்டி முனையில் சொருகிவிடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நிஜ ரேக்கில் 58 வேகன் வரும், ஹெச்ஓவில் அது 7 மீட்டரைத் தாண்டும், நம் வீட்டில் யாருக்கும் இடம் இல்லை. ஏழெட்டு வேகன்தான் ஓட்டப் போகிறோம் என்றால் ஒன்றில் ஒட்டுத் தகடு, ஒன்றில் உப்பல், ஒன்றில் துரு என்று எல்லாவற்றையும் திணித்தால் கண்காட்சி மாதிரி ஆகிவிடும். ஐந்து வேகன் சாதாரணமாக வெளுத்திருக்கட்டும். இரண்டில் மட்டும் கதை இருக்கட்டும்.

சத்துவாச்சாரி_16.5

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்பாடிக்குப் போய் பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன், ஒரு நிலக்கரி ரேக் மெதுவாகக் கடந்தது. முகப்பில் அந்த இரண்டு பட்டை, ஐயா சொன்ன இடத்திலேயே. இத்தனை வருஷமாகப் பார்த்த வண்டிதான், அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

89 வேகனை முதலில் எடுத்தேன். ஈரத் துணியால் துடைத்ததில் மேல் பொடி நிறையவே வந்தது, வார்னிஷுக்கு அடியில் மாட்டினது மட்டும் நின்றது, அதையே வெளுத்த அடி நிறமாக வைத்துக்கொண்டேன். எண்ணின் மேல் புது டெகல் ஒட்டினேன். ஓவிய டீச்சர் சொன்ன மாதிரி ஆயில் கோடு மூன்று, அதில் ஒன்றை இரண்டு தடவை துடைத்துத் திரும்பப் போட்டேன். போகிக்குக் கோலக் காவி. எடை 95 கிராம். பெரிய வளைவில் பின்னோக்கித் தள்ளினாலும் விலகவில்லை. தனி வேகனாக மேசையில் வைத்து எடுத்த படம் கீழே இருக்கிறது. முனையில் 0.3 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து பிரேக் ஹோஸும் (வேகனுக்கு வேகன் பிரேக் காற்றுக் கொண்டு போகிற குழாய்) வைத்திருக்கிறேன், பச்சை அடித்து. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பழைய_டிஎக்ஸ்ஆர்

பேரன் பெரிதாக்கிக் காட்டினான். விளிம்புத் துருவும் முகப்புப் பட்டையும் நான் பார்த்த வேகன் மாதிரியே இருக்கிறது, தம்பி. ஹோஸ் மட்டும் தப்பு. பக்கத்தில் வேகன் இல்லாதபோது அதைத் தொங்க விட மாட்டோம், கல்லில் அடிபட்டுக் கிழிந்துவிடும். மேலே அதற்கென்று ஒரு மாட்டி இருக்கும், வளைத்து அதில் மாட்டிவிடு.