பாதிக் கடலில் மோட்டார் நின்றுவிட்டால்: கேத்தாம் தீவுப் பக்கம் எனக்கு நடந்தது

போன ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை விடியற்காலை. நானும் என் மைத்துனரும் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து சின்னப் படகில் தூண்டில் போடக் கிளம்பினோம். 15 குதிரைத்திறன் மோட்டார், இரண்டு ஸ்ட்ரோக், கயிறு இழுத்துக் கிளப்பும் ரகம். கேத்தாம் தீவு (புலாவ் கேத்தாம்) பக்கத்தில் நங்கூரம் போட்டு இரண்டு மணி நேரம் இருந்தோம். மேற்கே வானம் கறுத்து வந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து இடிமழையோடு திடீரென வரும் சுமத்ரா காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். உடனே நங்கூரத்தை எடுத்தோம். மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை, இருமி இருமி நின்றுவிட்டது.

அப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன், வேறு யாரும் செய்யக்கூடாது. நங்கூரத்தைத் திரும்பப் போடாமல் கயிற்றை இழுக்க ஆரம்பித்தேன். சோக்கை (குளிர்ந்த மோட்டார் கிளம்பப் பெட்ரோலைக் கூட்டிவிடும் குமிழ்) இழுத்துவிட்டு இருபது தடவை, முப்பது தடவை. தலை நிமிர்ந்து பார்த்தபோது நீரோட்டம் எங்களை ஒரு கேலோங்கின் (கடலில் கம்பம் நட்டுக் கட்டிய மீன்பிடி மேடை) கம்பங்களுக்குக் கிட்டே கொண்டுபோயிருந்தது. இழுவைப் படகும் பாரம் ஏற்றிய பார்ஜும் போகிற தண்ணீர் அது. மைத்துனர் துடுப்பை ஊன்றித் தள்ளியதால் தப்பினோம். மோட்டார் நின்றால் முதல் வேலை நங்கூரம், இரண்டாவது உயிர்காப்புச் சட்டை. மோட்டார் அதற்கு அப்புறம்தான்.

கேலோங்கிலிருந்து வயதான பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் எங்களைப் பார்த்துத் தன் படகில் வந்தார். அவர் மோட்டார் மூடியைத் திறக்கவே இல்லை. நேராகப் பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பைத் தொட்டார். அது சப்பிப்போய் இருந்தது. டேங்க் மூடியைக் காட்டி "ஆங்கின் தாக் மாசுக்" என்றார். காற்று உள்ளே போகவில்லையாம். மூடியின் மேலிருக்கும் காற்றுத் திருகைத் திறந்தேன், 'உஸ்' என்று சத்தம். பெட்ரோல் வாடை வருகிறதே என்று தூண்டில் போட்ட நேரத்தில் மைத்துனர் அதை மூடி வைத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, மோட்டார் ஓடாதபோது மூடி வைப்பது நல்ல பழக்கம்தான். கிளப்பும்போது திறக்காதது என் தப்பு. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எடுக்க எடுக்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். கொஞ்ச நேரத்தில் பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. அதனால்தான் நன்றாகக் கிளம்பிப் பிறகு நின்றது.

பல்பைக் கல் மாதிரி ஆகும்வரை அமுக்கினேன். அப்போதும் கிளம்பவில்லை. நான் சோக் போட்டு இழுத்த இழுப்பில் சிலிண்டருக்குள் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நனைந்து சொட்டியது. துணியால் துடைத்துக் காயவிட்டோம். மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பை, பொறி வராமல் இருக்க எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே நாலைந்து தடவை கயிற்றை இழுத்து உள்ளே இருந்ததை வெளியேற்றினோம். சிந்திய பெட்ரோல் வாடை போகும்வரை காத்திருந்தோம், இதில் அவசரம் ஆகாது. பிளக்கையும் கிளிப்பையும் திரும்ப மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, திராட்டிலை (வேகம் கூட்டும் கைப்பிடி) கொஞ்சம் திறந்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. மழை தொடங்கும்போது நாங்கள் கரைக்கு வந்துவிட்டோம்.

படகு ஓட்ட உரிமம் எடுக்கும்போது விளக்கு, மிதவை, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் படித்தேன். அந்தப் பல்பு வைத்தியர் பிடிக்கிற நாடி மாதிரி என்பது பாக்சிக்கிடம் கற்றது. சப்பியிருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு, பெரும்பாலும் காற்றுத் திருகு. எவ்வளவு அமுக்கியும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று கலக்கிறது: டேங்க் காலி, அல்லது குழாய் முனை சரியாக உட்காரவில்லை. இறுகிவிட்டால் பெட்ரோல் மோட்டார்வரை வந்துவிட்டது, இனி பிளக்கையும் கார்புரேட்டரையும் பார்க்கலாம்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

அண்ணே, எனக்குப் பல்பு இறுகித்தான் இருந்தது, பிளக்கில் பொறியும் நீலமாக நன்றாகவே வந்தது. ஆனாலும் இரண்டு வினாடி உறுமிவிட்டு அணைந்துவிடும். துவாஸ் பக்கம் நிறுத்தியிருந்த படகு, மூன்று மாதம் கடலுக்குப் போகவில்லை. டேங்கில் பாதிப் பெட்ரோல் அப்படியே கிடந்தது.

நண்பர் ஒருவர் சொன்னபடி டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தேன். சிறிது நேரத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது: மேலே பெட்ரோல், கீழே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மூடியின் ரப்பர் வளையம் வெடித்து மழைநீர் இறங்கியிருக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் பாதி காலியான டேங்கில் உள்சுவரிலும் நீர் கோர்க்கும். டேங்கைக் காலி செய்து, வடிகட்டியை மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடியவிட்டேன். இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் புதுப் பெட்ரோலில் 50க்கு 1 கணக்கில் எண்ணெய் கலந்தேன், அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி. கிளம்பிவிட்டது.

இப்போதெல்லாம் படகைக் கழுவி வைக்கும்போது மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு மோட்டார் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். கிண்ணத்தில் பெட்ரோல் தங்கிப் பிசினாகாமல் இருக்க இது உதவும்.

* * *

எங்களுடையது சாவி போட்டுக் கிளப்பும் நாலு ஸ்ட்ரோக். லாசரஸ் தீவில் பிள்ளைகளோடு இருந்துவிட்டுக் கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேட்டரி போய்விட்டது என்றார் என் கணவர். விளக்கு பளிச்சென்று எரிகிறதே, பேட்டரியாக இருக்காது என்றேன் நான். கியர் கைப்பிடி நடுவில் இருப்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் முழுதாக நியூட்ரலில் விழவில்லை, விழாவிட்டால் சாவிக்கு மோட்டார் சுற்றாது. அதை இலேசாக முன்னும் பின்னும் அசைத்து சாவியைத் திருப்பியதும் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. இரண்டாவது காரணம் மகனின் கையில் இருந்தது. விளையாட்டாக கில் சுவிட்சின் சிவப்புக் கிளிப்பை உருவி வைத்திருந்தான். இப்போது கூடுதலாக ஒரு கிளிப் என் கைப்பையில் இருக்கிறது. ஓட்டுபவர் கடலில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவதற்காக இருப்பது அது. அதைத் தவிர்த்து ஒயரை நேராக இணைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று: மோட்டார் கிளம்பியதும் பின்பக்கம் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். குளிர்விக்கும் தண்ணீர் ஏறவில்லை என்று அர்த்தம்.

* * *

தம்பி, கண்ணாடிப் போத்தல் சோதனையை நேற்றே செய்து பார்த்தேன். என் டேங்கில் தண்ணீர் இல்லை, ஆனால் மூடி வளையம் காய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். சகோதரி சொன்ன கிளிப்பும் ஒன்று வாங்கியாயிற்று.

பெட்டியில் இப்போது பிளக் சாவி, இரண்டு புதுப் பிளக், வடிகட்டி, காய்ந்த துணி எல்லாம் இருக்கின்றன. மைத்துனர் தன் பங்குக்குச் சிவப்புத் துணி ஒன்று கொண்டுவந்தார். காற்றுத் திருகை மூடினால் அந்தத் துணியைக் கயிற்றுக் கைப்பிடியில் கட்டிவிடுவார். அதை அவிழ்க்காமல் நான் கயிற்றை இழுக்க முடியாது.